சென்ட்ரலில் இறங்கி குரோம்பேட்டை போக: எக்ஸ்பிரஸும் லோக்கலும் எங்கே சந்திக்கின்றன?

கோவையிலிருந்து அப்பா அம்மா இரவு ரயிலில் வருகிறார்கள், வீடு குரோம்பேட்டையில். சென்ட்ரலில் இறங்கி லோக்கல் ட்ரெயின் பிடிப்பது நடக்கிற காரியமா, ஆட்டோதான் வழியா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே இரண்டு கேள்விகள்: எக்ஸ்பிரஸ் டிக்கெட்டிலேயே லோக்கலிலும் போகிற வசதி ஏன் இல்லை? சென்ட்ரலுக்கும் எழும்பூருக்கும் இடையே ஒரு ரயில் விட என்ன கஷ்டம்?

முதல் கேள்விக்கு நேரடியான பதில்: தாராளமாக லோக்கலில் வரலாம். ஆனால் எந்த ஸ்டேஷனில் ஏற வேண்டும் என்பதில்தான் வெளியூர்க்காரர்கள் தடுமாறுவார்கள். சென்ட்ரலை ஒட்டியே இருக்கும் மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸில் லோக்கல் ரயில்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்துவிட்டு அங்கே போய்விடுவார்கள். அவை ஆவடி, திருவள்ளூர், அரக்கோணம் பக்கமும், வடக்கே கும்மிடிப்பூண்டி, சூலூர்பேட்டை பக்கமும் போகிறவை. தாம்பரம் வண்டி அங்கே வராது. பூந்தமல்லி நெடுஞ்சாலைக்கு எதிர்ப்புறம் இருக்கும் பார்க் ஸ்டேஷனுக்குத்தான் போக வேண்டும். அதற்கும் பக்கத்திலேயே பார்க் டவுன் என்று இன்னொரு நிலையம் உண்டு. அது வேளச்சேரி போகும் பறக்கும் ரயிலுக்கு உரியது. மொபைலில் டிக்கெட் எடுக்கும்போது இந்த இரண்டு பெயர்களும் அடுத்தடுத்து வந்து நிற்கும். குரோம்பேட்டைக்கு வேண்டியது வெறும் பார்க்தான், தமிழில் சென்னை பூங்கா.

சாலையைக் குறுக்கே கடக்க வேண்டாம். சென்ட்ரல் மெட்ரோ நிலையம் வந்த பிறகு சுரங்கப்பாதை நன்றாக இருக்கிறது. மெட்ரோ டிக்கெட் இல்லாமலே அதன் வழியாக எதிர்ப்பக்கம் போகலாம். மெட்ரோ பகுதியில் லிஃப்டும் எஸ்கலேட்டரும் உண்டு. ஆனால் பார்க் ஸ்டேஷன் பக்கம் போகப் போகப் படிக்கட்டை எதிர்பாருங்கள். பெட்டிக்குச் சக்கரம் இருந்தாலும் சில இடங்களில் தூக்கத்தான் வேண்டும். பெரியவர்களோடு மெதுவாக நடந்தால் இறங்கிய பிளாட்பாரத்திலிருந்து பார்க் வரை இருபது நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். கடற்கரை நிலையத்திலிருந்து கிளம்பும் வண்டிக்கு பார்க் மூன்றாவது நிலையம். விடியற்காலையில் ஊருக்கு வெளியே போகும் திசையில் கூட்டம் இருக்காது, உட்கார இடம் கிடைத்துவிடும். குரோம்பேட்டைக்கு முக்கால் மணி நேரத்துக்கு முன்னே பின்னே ஆகும். டிக்கெட் ஆளுக்குப் பத்து ரூபாயைத் தாண்டாது.

மெட்ரோவில் போகலாமா என்றால், பாதி தூரம் போகலாம். நீல வழித்தடத்தில் கிண்டியிலோ, பச்சை வழித்தடத்தில் பரங்கிமலையிலோ இறங்கி லோக்கலுக்கு மாறலாம். இரண்டு இடங்களிலும் மெட்ரோவும் புறநகர் நிலையமும் அடுத்தடுத்து இருக்கின்றன. ஆனால் குரோம்பேட்டைக்குப் போகிறவர் எதற்கு இரண்டு முறை மாற வேண்டும்? கிண்டி, ஆலந்தூர், விமான நிலையம் போகிறவர்களுக்கு மெட்ரோ சரி. காலை ஐந்து மணிக்கு முன்னால் இறங்கினால் மெட்ரோ ஓடாது என்பதும் நினைவில் இருக்கட்டும். லோக்கல் நாலு மணி வாக்கிலேயே ஆரம்பித்துவிடும். மூன்று பெட்டி, மழை, முழங்கால் வலி எல்லாம் சேர்ந்து வந்தால் பேசாமல் டாக்சி பிடித்துவிடுங்கள். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

இதே விஷயத்தில் நான் எல்லாரிடமும் சொல்வது ஒன்று உண்டு. கடைசி நிலையம் வரை போய்த்தான் ஆக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. எக்ஸ்பிரஸிலிருந்து லோக்கலுக்கு மாற நல்ல இடம் பெரும்பாலும் கடைசி நிலையத்துக்கு முந்திய ஒன்றுதான். மதுரை, திருநெல்வேலி, திருச்சி பக்கமிருந்து வருகிறவர்களுக்கு இது பழகிப்போன விஷயம். தாம்பரத்தில் அநேகமாக எல்லா ரயிலும் நிற்கும், திருநெல்வேலி வந்தே பாரத் உட்பட. இறங்கி மேம்பாலம் ஏறி மறுபக்கம் போனால் லோக்கல் தயாராக இருக்கும். சில ரயில்கள் செங்கல்பட்டிலும் மாம்பலத்திலும் நிற்கின்றன. வைகையிலும் பல்லவனிலும் வந்து மாம்பலத்தில் இறங்கி நேராக ரங்கநாதன் தெருவுக்குள் நுழைகிறவர்கள் எத்தனையோ பேர். எழும்பூர் வரை டிக்கெட் எடுத்துவிட்டு முன்னாலேயே இறங்கினால் யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை.

கோவை, சேலம், பெங்களூரு பக்கமிருந்து வருகிறவர்களுக்கு அந்த வேலையைச் செய்வது பெரம்பூர். அம்பத்தூர், கொரட்டூர், வில்லிவாக்கம், ஆவடி போகிறவர்கள் சென்ட்ரல் வரை போய்த் திரும்பி வருவது வீண் அலைச்சல். பெரம்பூரில் இறங்கி எதிர்த்திசை லோக்கலில் ஏறினால் முடிந்தது. எல்லா ரயிலும் அங்கே நிற்பதில்லை, டிக்கெட் போடும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும். பெரம்பூரிலிருந்து சென்ட்ரல் ஆறு கிலோமீட்டர்தான். ஆனால் பேசின் பிரிட்ஜ் வந்ததும் பிளாட்பாரம் காலி இல்லை என்று அவுட்டரில் நிறுத்திப் போட்டால், அந்த ஆறு கிலோமீட்டருக்கு அரை மணி கூட ஆகும். கால அட்டவணையிலேயே கடைசிப் பகுதிக்குத் தாராளமாக நேரம் ஒதுக்கியிருப்பார்கள். உங்கள் அப்பா அம்மாவுக்கு மட்டும் பெரம்பூர் உதவாது. அங்கிருந்து தாம்பரம் பாதைக்கு நேர் லோக்கல் கிடையாது, கடற்கரைக்குப் போய் மாற வேண்டும். அவர்களுக்கு சென்ட்ரலும் பார்க்கும்தான்.

இனி சென்ட்ரல் – எழும்பூர் விவகாரம். வரைபடத்தில் பார்த்தால் எரிச்சல்தான் வரும். சென்ட்ரல் தண்டவாளங்கள் முட்டி நிற்கும் இடத்துக்கும், எழும்பூர் போகும் பாதைக்கும் நடுவே ஒரு சாலையும் சில கட்டடங்களும்தான். இரண்டு நிலையங்களுக்கும் இடைவெளி சுமார் இரண்டு கிலோமீட்டர். இவ்வளவு பக்கத்தில் இருந்தும் சேராமல் போனதற்குக் காரணம், இரண்டும் ஒரே கம்பெனி கட்டியவை அல்ல. மெட்ராஸ் ரயில்வே 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை விட்டதுதான் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில். அது அகலப் பாதை. அந்தக் கம்பெனியின் புது முனையமாக 1873-ல் வந்தது சென்ட்ரல். தெற்கு மாவட்டங்களுக்குப் பாதை போட்டது தென்னிந்திய ரயில்வே, அது மீட்டர் கேஜ், அதாவது தண்டவாள இடைவெளி குறைவு. அதன் முனையமாக 1908-ல் எழும்பூர் திறந்தது. ஒன்றின் வண்டி இன்னொன்றின் தண்டவாளத்தில் ஓடவே முடியாது என்றிருந்தபோது இணைப்புப் பாதை போட யாருக்கும் காரணம் இல்லை. கோவைக்கும் கேரளத்துக்கும் சென்ட்ரல், மதுரைக்கும் ராமேஸ்வரத்துக்கும் எழும்பூர் என்று இன்றும் நாம் பிரித்துச் சொல்வது அந்தக் கேஜ் போட்ட கோடுதான்.

லோக்கல் ரயிலும் இதே கோட்டில்தான் பிரிந்தது. கடற்கரை – தாம்பரம் பாதையில் 1931-லேயே மின்சார ரயில் வந்துவிட்டது. சென்னைக்காரர்கள் வெகுகாலம் அதை எலெக்ட்ரிக் ட்ரெயின் என்றே சொல்வார்கள், இப்போதும் பெரியவர்கள் வாயில் அப்படித்தான் வரும். அதுவும் மீட்டர் கேஜ். தொண்ணூறுகளில் தென் மாவட்டப் பாதைகள் அகலமாக மாறிய பிறகும் கடற்கரை – தாம்பரத்தில் மீட்டர் கேஜ் லோக்கல் ஓடிக்கொண்டிருந்தது. 2004 ஜூலையில்தான் கடைசியாக நின்றது. ஆக, சென்னையின் தண்டவாளங்கள் எல்லாம் ஒரே அளவுக்கு வந்து இருபது சொச்சம் வருடம்தான் ஆகிறது. அதற்குள் நடுவே பறக்கும் ரயில் தூண்கள் வந்தாயிற்று, மெட்ரோ சுரங்கமும் வந்தாயிற்று. இனி சென்ட்ரலையும் எழும்பூரையும் நேராக இணைக்க வேண்டுமானால் பூமிக்குள் மிக ஆழத்தில் போக வேண்டும். நிலையத்துக்கு நிலையம் பச்சை வழித்தட மெட்ரோ ஒரே நிறுத்தத்தில் கொண்டுவிடும்போது, பயணிகளுக்காக மட்டும் அவ்வளவு செலவு செய்யத் தேவையில்லை என்பது என் கணக்கு.

ரயில்கள் கடந்து போக வழி ஏற்கெனவே இருக்கிறது, கொஞ்சம் சுற்று வழி. எழும்பூரிலிருந்து கடற்கரை, ராயபுரம், கொருக்குப்பேட்டை என்று போய் வடக்குப் பாதையைப் பிடிக்கலாம். சார்மினார் எக்ஸ்பிரஸ் முன்பு சென்ட்ரலிலிருந்து ஹைதராபாத் போய்க்கொண்டிருந்தது. இப்போது தாம்பரத்திலிருந்து கிளம்பி எழும்பூர், கடற்கரை வழியாகத்தான் போகிறது. தாம்பரத்துக்காரருக்கு வீட்டு வாசலிலேயே ஹைதராபாத் ரயில்.

இந்தச் சுற்று வழியில் நெரிசல் இருந்த இடம் கடற்கரைக்கும் எழும்பூருக்கும் நடுவே உள்ள நாலு கிலோமீட்டர். எழும்பூர் – தாம்பரம் நடுவே லோக்கலுக்கு இரண்டு, எக்ஸ்பிரஸுக்கு இரண்டு என்று நாலு பாதைகள் இருக்க, கடற்கரை – எழும்பூர் நடுவே மூன்றுதான் இருந்தன. எக்ஸ்பிரஸ்கள் போவதற்கும் வருவதற்கும் அந்த ஒற்றைப் பாதையையே நம்பியிருந்தன. நான்காவது பாதை போடுவதற்காக 2023 ஆகஸ்டில் கடற்கரை – சிந்தாதிரிப்பேட்டை பறக்கும் ரயிலை நிறுத்தினார்கள். ஏழு மாதம் என்று சொல்லி ஆரம்பித்தது, மறுபடி ஓடியது 2024 அக்டோபர் கடைசியில். அந்தப் பதினாலு மாதமும் வேளச்சேரி, மயிலாப்பூர் பக்கமிருந்து பாரிமுனைக்கு வேலைக்குப் போகிறவர்கள் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி பஸ்ஸுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் அலைந்தார்கள். தொலைதூர ரயில்களின் வசதிக்கான விலையை லோக்கல் பயணிதான் கொடுத்தார். நான்காவது பாதை வேண்டாம் என்று சொல்லவில்லை, அது கட்டாயம் தேவை. ஆனால் இந்த நகரத்தில் எக்ஸ்பிரஸுக்கும் லோக்கலுக்கும் போட்டி வந்தால் யார் விட்டுக்கொடுப்பார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது.

போட்டி என்பது தினசரி சங்கதியும்தான். பாதை தனித்தனியாக இருக்கும் வரை பிரச்சினை தெரியாது. செங்கல்பட்டு வரை போகும் ஃபாஸ்ட் லோக்கல்கள் எக்ஸ்பிரஸ் பாதையில் ஓடும். ஏதாவது ஒரு தென் மாவட்ட ரயில் தாமதமாக வந்து சேர்ந்தால், அதன் பின்னால் இவையும் வரிசையில் நிற்க வேண்டியதுதான். தாம்பரம் – செங்கல்பட்டு நடுவே வெகுநாள் இரண்டே பாதைகள். எக்ஸ்பிரஸ் வரும்போது லோக்கலை ஓரங்கட்டுவார்கள். மூன்றாவது பாதை வந்த பிறகு கொஞ்சம் மூச்சு விட முடிகிறது.

சரி, டிக்கெட். என்னைக் கேட்டால் உங்கள் மூன்று கேள்விகளில் முக்கியமானது இதுதான்.

ஜப்பானில் ஒரு ஏற்பாடு இருக்கிறது. டோக்கியோவுக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் தூரத்திலிருந்து ரயிலில் வந்தால், பயணக் கட்டண டிக்கெட்டில் டோக்கியோ நிலையத்தின் பெயருக்குப் பதில் டோக்கியோவின் 23 வார்டுகள் என்று போட்டிருக்கும். ஒசாகாவிலிருந்து ஷின்கான்சென் என்ற புல்லட் ரயிலில் வந்து இறங்குகிறவர், அதே டிக்கெட்டில் அந்த 23 வார்டுகளுக்குள் இருக்கும் எந்த ஜே.ஆர். (ஜப்பான் ரயில்வேஸ்) நிலையத்துக்கும் லோக்கல் ரயிலில் போய் வெளியே வரலாம். சுரங்க ரயிலுக்கும் தனியார் ரயில்களுக்கும் இது செல்லாது, ஆன்லைனில் வாங்கும் சில வகை டிக்கெட்டுகளுக்கும் கிடையாது. ஆனாலும் சங்கதி என்னவென்றால், அந்த ஷின்கான்சென் ஓட்டுவது ஒரு கம்பெனி, டோக்கியோ லோக்கல் ஓட்டுவது இன்னொரு கம்பெனி. 1987-ல் தேசிய ரயில்வே பிரிந்து தனித்தனியாகப் போன பிறகும் டிக்கெட்டை அவர்கள் பிரிக்கவில்லை.

நம்மிடம் நிலைமை தலைகீழ். கோவை எக்ஸ்பிரஸும் தாம்பரம் லோக்கலும் ஒரே தெற்கு ரயில்வே. சென்னையில் இரண்டையும் பார்த்துக்கொள்வது ஒரே கோட்டம். சில இடங்களில் தண்டவாளமும் ஒன்றே. ஆனால் முன்பதிவு டிக்கெட் ஒரு கணினி அமைப்பிலும், முன்பதிவு இல்லாத டிக்கெட் வேறொரு அமைப்பிலும் வளர்ந்தவை. முன்பதிவு டிக்கெட்டில் சென்ட்ரல் என்று போட்டிருந்தால் சென்ட்ரலோடு சரி. பார்க் ஸ்டேஷனுக்குப் போய் மறுபடி வாங்க வேண்டும். முன்பு கவுன்டரில் வரிசையில் நின்றுதான் ஆக வேண்டியிருந்தது. செல்போனிலேயே காட்டும் காகிதமில்லா டிக்கெட்டை 2015-ல் எழும்பூர் – தாம்பரம் தடத்தில்தான் முதலில் கொண்டுவந்தார்கள். இப்போது ரயில்ஒன் செயலியில் முன்பதிவு டிக்கெட்டும் லோக்கல் டிக்கெட்டும் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. செயலி ஒன்றாகிவிட்டது, டிக்கெட் இன்னும் இரண்டுதான்.

2025 செப்டம்பரில் வந்த சென்னை ஒன் செயலி மாநகரப் பேருந்து, மெட்ரோ, லோக்கல் மூன்றையும் ஒரே கியூஆரில் சேர்த்தது. நல்ல வேலை. ஆனால் அதிலும் எக்ஸ்பிரஸ் வெளியேதான் நிற்கிறது. கோவையிலிருந்து முன்பதிவு செய்யும்போதே "கடைசி நிலையம்: சென்னை புறநகர்" என்று ஒரு தேர்வு வைத்து, ஆளுக்குப் பத்து ரூபாய் சேர்த்து வாங்கிக்கொண்டால் ரயில்வேக்கு ஒரு நஷ்டமும் இல்லை. பார்க் ஸ்டேஷன் வரிசையாவது குறையும். இதற்குப் புதுத் தண்டவாளம் வேண்டாம், சுரங்கம் வேண்டாம். பணம் குறைவு என்பதாலேயே யாருக்கும் இதில் அக்கறை இல்லையோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு எக்ஸ்பிரஸ் தாமதமாகி அடுத்த எக்ஸ்பிரஸைத் தவறவிட்டால், இரண்டு பிஎன்ஆரையும் இணைத்து வைத்திருந்தால் இரண்டாவது டிக்கெட்டுக்குப் பணம் திரும்பக் கிடைக்கும். 2019 ஏப்ரலிலிருந்து இந்த விதி உண்டு. ஆனால் லோக்கல் தாமதமாகி எக்ஸ்பிரஸைத் தவறவிட்டால் அது உங்கள் தலைவலி. இரண்டுக்கும் நடுவே ரயில்வே எந்தப் பொறுப்பும் எடுத்துக்கொள்வதில்லை.

இப்போது போக்கு வேறு மாதிரி. சென்ட்ரலும் எழும்பூரும் நிரம்பி வழிவதால் முனையங்களை வெளியே தள்ளுகிறார்கள். தாம்பரம் மூன்றாவது முனையமாகிவிட்டது. பெரம்பூரை நான்காவது ஆக்கத் திட்டம் இருக்கிறது. எழும்பூரில் மறுசீரமைப்பு வேலை நடப்பதால் சில ரயில்கள் அவ்வப்போது தாம்பரத்தோடு நின்றுவிடுகின்றன. தென் சென்னைக்காரர்களுக்கு இது வரப்பிரசாதம். திருவொற்றியூரிலும் ராயபுரத்திலும் இருப்பவர்களுக்கு விடியற்காலையில் ஒன்றரை மணி நேர லோக்கல் பயணம். முனையத்தைத் தள்ளுவது தப்பில்லை, கூடவே இணைப்பு வர வேண்டும். கிளாம்பாக்கத்தில் பேருந்து முனையத்தை 2023 டிசம்பரில் திறந்தார்கள், அப்போது பக்கத்தில் ரயில் நிலையமே இல்லை. வண்டலூரிலோ ஊரப்பாக்கத்திலோ இறங்கி ஜனங்கள் பெட்டியோடு பாடுபட்டார்கள். பெரம்பூர் அந்த வகையில் பரவாயில்லை, லோக்கல் பாதை காலங்காலமாக இருக்கிறது, மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் மாதவரம் – சிறுசேரி தடமும் அதன் வழியே வருகிறது. நடைமேம்பாலமும் லிஃப்டும் ரயில்களுக்கு முன்னால் வந்து சேர்ந்தால் நான் நம்புவேன்.

கடைசியாக, அவர்கள் ஊர் திரும்பும் நாளைப் பற்றி. இரவு ஒன்பது, பத்து மணிக்குக் கிளம்பும் கோவை ரயிலுக்குக் குரோம்பேட்டையிலிருந்து ஒன்றே முக்கால் மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள். மாலைக் கூட்டம் தாம்பரம் நோக்கித்தான் போகும், எதிர்த்திசையில் வருகிறவர்களுக்கு அவ்வளவு நெருக்கடி இல்லை. பயணம் ஞாயிற்றுக்கிழமை என்றால் மட்டும் ஜாக்கிரதை: அன்றைக்கு லோக்கல் குறைவாக ஓடும், பராமரிப்பு வேலை என்று கடற்கரை – தாம்பரம் தடத்தில் பல வண்டிகளை ரத்து செய்வதும் பெரும்பாலும் அன்றுதான். அறிவிப்பு ஓரிரு நாள் முன்புதான் வரும். சனிக்கிழமை செய்தித்தாளைப் புரட்டிவிட்டு முடிவு செய்யுங்கள். லோக்கல் டிக்கெட்டை மறக்காமல் எடுத்துவிடுங்கள். கையில் கோவை டிக்கெட் இருக்கிறதே என்று ஏறிப் பரிசோதகரிடம் மாட்டினால் அபராதம் குறைந்தது 250 ரூபாய், கட்டணம் தனி.